விரலைக் கேட்டார்களா?

"மிஷின் பொய் சொல்லாது, பாட்டி!"

2021ஆம் ஆண்டு சித்திரை வெயிலில், இருக்கன்குடியில் நம் தெருத் திண்ணையொன்றில் ஒலித்த சொல் இது. கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கிக் கொண்டிருந்த காலம். கல்லூரி அடைபட்டதால் நாம் ஊர் திரும்பியிருந்தோம். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண் ஒருவர், திண்ணையில் சாய்ந்திருந்த மூதாட்டியின் ஆள்காட்டி விரலில் சின்னஞ்சிறு கருவி ஒன்றை மாட்டினார். பட்டாசு ஆலையில் முப்பது ஆண்டு உழைத்த விரல் அது. அலுமினியத் தூள் நகக்கண்ணில் ஏறி, எத்தனை முறை கழுவினும் போகாத சாம்பல் பூத்த விரல். அந்தச் சாம்பலுக்கு அடியிலே கரிசல் மண்ணின் நிறம். மூதாட்டி கருவியைப் பார்த்தார், தம் விரலைப் பார்த்தார், கேட்டார்:

"ஏந்தாயி, எங்கையி மருந்துக் கையி. தோலும் கறுத்த தோலு. இந்த வெளிச்சம் உள்ள போயி நெசத்தச் சொல்லுமா?"

அதற்குத்தான் அந்த விடை: மிஷின் பொய் சொல்லாது! சொன்னவர் சிரித்தார். பட்டப்படிப்பின் வாசலில் நின்ற நாமும் சிரித்தோம். கருவி 96 என்று காட்டிற்று, பயமில்லை என்றார்கள், போனார்கள்.

மூதாட்டி நலமாகவே இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணியில் நாம் இருக்கிறோம். ஆயினும் அன்று சிரித்த சிரிப்பு இன்றளவும் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. ஏன் தெரியுமா? அந்தத் திண்ணைக் கேள்விக்கு நான்கு திங்களுக்கு முன்பு, 2020 டிசம்பரில், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் உலகப் புகழ் வாய்ந்த மருத்துவ ஏடு அதே கேள்வியை எழுப்பி, விடையையும் அச்சிட்டிருந்தது! கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் குருதியை நேரே எடுத்துச் சோதித்தார்கள். உண்மையில் 88க்கும் கீழே இறங்கி ஆபத்தில் கிடந்தவர்கள், வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பரில் 11.7 விழுக்காடு. மூன்று மடங்கு!

எழுத்தறியாத மூதாட்டி கேட்டது அறிவின் கேள்வி. படித்த நாம் சிரித்தது அறியாமையின் சிரிப்பு. இதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம்.

* * *

பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் அந்தக் கருவியை நாம் பழிக்கவில்லை. 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி அதன் அடிப்படையைக் கண்டறிந்து உலகுக்குத் தந்தார். ஊசி குத்தாமல், குருதி சிந்தாமல், உடலின் உயிர்வளி அளவை உடனே காட்டும் அருங்கருவி. எத்தனையோ உயிர்களை அது காத்தது, இன்றும் காக்கிறது. அதை உடைத்தெறியச் சொல்பவர்கள் அல்லர் நாம். அது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பவர்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து இரு வகை ஒளி பாய்கிறது. ஒன்று சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு. உயிர்வளி நிறைந்த குருதி ஒரு விதமாகவும், குறைந்த குருதி வேறு விதமாகவும் அவ்வொளியை உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேரும் ஒளியின் விகிதத்தைக் கொண்டு கருவி கணக்கிடுகிறது. ஆனால் விகிதம் எண்ணாக மாற வேண்டுமே! அதற்கு ஓர் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை வானத்திலிருந்து விழுவதில்லை. தாமே முன்வந்த சில மனிதர்களைக் குறைந்த உயிர்வளிக் காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்தம் குருதியை எடுத்து அளந்து, அந்த அளவோடு ஒளியின் அளவை ஒட்டிப் பார்த்து வகுக்கிறார்கள்.

இங்கேதான் கேட்கிறோம்: யார் அந்தச் சில மனிதர்கள்? எந்த நிறத்தவர்? எந்தத் தொழிலினர்? அந்த அறைக்குள் கரிசல் காட்டு விரல் ஒன்றேனும் நுழைந்ததா?

தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் என்னும் நிறமியும் ஒளியை உறிஞ்சும். இது நேற்றுக் கண்ட புதுமையன்று. கறுப்பு நோயாளிகளிடம் கருவி பிழை காட்டுவதை 1990லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 2005இல் மீண்டும் எழுதினார்கள். என்ன நடந்தது? 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒரு வழிகாட்டுதல் தந்தது: குறைந்தது 10 பேரிடம் சோதியுங்கள்; அவர்களில் கறுத்த தோலுடையோர் 2 பேர், அல்லது 15 விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அவ்வளவு பேர் இருக்கட்டும் என்றது. உலகின் பெரும்பகுதி மக்கள் கறுப்பும் மாநிறமும் கொண்டோர். சோதனை அறையிலே அவர்களுக்குக் கிடைத்த இடம் பத்தில் இரண்டு!

பெருந்தொற்று வந்து பிணங்கள் விழுந்த பிறகே விழிப்பு வந்தது. பிரிட்டன் அரசு அமைத்த தனிக்குழு, மருத்துவக் கருவிகளில் மறைந்திருக்கும் இந்த ஓரவஞ்சனையை ஆராய்ந்து 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 2025 சனவரியில் அமெரிக்க நிருவாகம் புதிய வரைவைத் தந்தது. பத்துப் பேர் போதாது, 150 பேராவது வேண்டும், எல்லா நிறத்தவரும் வேண்டும் என்றது. 1990க்கும் 2025க்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் காலம்!

அமெரிக்கக் கறுப்பரின் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. நம் தோலின் கணக்கு நம் தோலில் எடுக்கப்பட வேண்டும் என்கிறோம். கறுப்பு இழிவன்று என்று ஊர் ஊராய் முழங்கிய நாட்டில், கறுப்பை அளக்கத் தெரியாத கருவி கேள்வியின்றி நுழைவது தன்மானத்துக்கு அழகாகுமா?

* * *

நிறம் ஒரு பக்கம். நம் பகுதியின் தொழில் மறுபக்கம்.

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்து. அதனால் வாழ்கிறோம்; அதனாலேயே சாகிறோம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூருக்கு அருகே அச்சங்குளம். அங்கே மட்டும் 20 பேருக்கு மேல் மாண்டனர். தீயினின்று தப்பியவர்களும் புகையினின்று தப்புவதில்லை. புகையிலே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அது குருதியில் உயிர்வளி அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்ளும். மனிதன் மூச்சுக்குத் தவிப்பான். ஆனால் அந்த நச்சேறிய குருதியை, இரண்டே ஒளி கொண்ட சாதாரண ஆக்சிமீட்டர், உயிர்வளி நிறைந்த குருதியாகவே எண்ணும்! 98 என்று காட்டும்! செத்துக் கொண்டிருப்பவனை நலமாயிருக்கிறான் என்று சொல்லும்!

மருத்துவர்கள் இதை அறிவார்கள். குருதியை எடுத்து வேறு கருவியில் சோதிக்க வேண்டும் என்பது அவர்கள் பாடநூலிலேயே உண்டு. ஆனால் இந்தக் கருவி இன்று மருத்துவர் கையில் மட்டுமா இருக்கிறது? மருந்துக் கடையில் கிடைக்கிறது. வீட்டு அலமாரியில் கிடக்கிறது. ஆலையில் தீப்பற்றினால் முதலில் ஓடி வருபவன் பக்கத்து ஷெட்டின் தொழிலாளி. அவன் கையில் அந்தக் கருவி இருந்தால், அது அவனை ஏமாற்றும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பெட்டியின் மேல் தமிழில் ஒரு வரி உண்டா?

அதைச் செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்தபோது, புகையில் மூச்சுத் திணறிய ஒருவன் அங்கே இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான். திண்ணை மூதாட்டி கேட்டது போல!

* * *

"இதென்ன பேச்சு? ஒளியின் அலைநீளம் பற்றித் தீப்பெட்டி ஒட்டுபவளுக்கு என்ன தெரியும்? விஞ்ஞானத்தை வாக்குப் பெட்டியிலா முடிவு செய்வது?" என்று மேதைகள் சிலர் புருவம் நெரிப்பார்கள். அவர்களுக்கு நம் விடை இது.

ஒளியின் அலைநீளத்தை வாக்கெடுத்து முடிவு செய்யச் சொல்லவில்லை, ஐயா! அது அறிஞர்தம் வேலை. ஆனால் கருவி எதுவாயினும் பிழை உண்டு. ஆக்சிமீட்டர் மூன்று புள்ளி வரை தவறலாம், அது பொறுக்கத்தக்கதே என்று ஓர் எல்லை வகுத்தார்கள். மூன்று ஏன்? இரண்டு ஏன் ஆகாது? அந்தப் பிழை யார் தலையில் விழலாம்? விலை கொஞ்சம் ஏறினாலும் பிழை குறையட்டும் என்பதா, பிழை இருந்தாலும் விலை குறையட்டும் என்பதா? 94 காட்டினால் படுக்கை தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா? இவை கணக்குக் கேள்விகளா? இல்லை, அறத்தின் கேள்விகள்! பிழை எவ்வளவு என்பதை அறிஞர் அளக்கட்டும். எவ்வளவு பிழையைப் பொறுப்பது என்பதைப் பொறுக்கப் போகிறவர்களைக் கேட்காமல் முடிவு செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தைக் கடைசிக் குறளில் முடிக்கும்போது மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை எண்ணினார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். யாரை முதலில் வைத்தார்? நோயாளியை! வள்ளுவர் முதலில் வைத்தவரை இன்று வாசலில் நிறுத்திவிட்டு, மருந்தும் கருவியும் உள்ளே பேசிக் கொள்கின்றன. வெளியே வந்து, "முடிவாயிற்று, விரலை நீட்டு" என்கின்றன.

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று நம் ஊருக்கு வந்து பாருங்கள். அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இந்த ஊரில் இலட்சோப இலட்சம் மக்கள் கூடுவார்கள். கண் நோய்க்குக் கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. "அவள் பார்த்துக் கொள்வாள்" என்பார்கள். கேள்வி கேளுங்கள் என்று அவர்களிடம் பகுத்தறிவு பேசிய நாம், கருவி வந்து நின்றதும் என்ன செய்தோம்? "மிஷின் பொய் சொல்லாது" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டோம்! சிலை முன் வாய் மூடுவது மூடநம்பிக்கை என்றால், திரை முன் வாய் மூடுவதற்குப் பெயர் என்ன? விஞ்ஞானத்தின் உயிர்மூச்சே கேள்விதான். கேள்வியை விலக்கிவிட்டுக் கருவியை மட்டும் கும்பிடுவது பழைய பூசையே, பீடம்தான் புதிது.

* * *

கேட்காமல் செய்வதன் கேட்டுக்கு ஆசிரியர் என்ற முறையில் நாம் மறக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு. 2009இல், அந்நாளைய ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசியை ஆயிரக்கணக்கான சிறுமியர்க்குப் போட்டார்கள். அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி நடத்திய திட்டம் அது. எதிர்ப்புக் கிளம்பவே 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஊசி நல்ல ஊசிதான்; புற்றைத் தடுக்கும் என்பது மெய்தான். ஆனால் ஒப்புதல் வாங்கிய அழகைப் பாருங்கள்! நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் தந்த அறிக்கை சொல்கிறது: ஆந்திரத்தில் சோதிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்!

தாயைக் கேட்கவில்லை. தந்தையைக் கேட்கவில்லை. சோறு போடும் விடுதியின் காப்பாளர் ஒப்பமிட்டால் சிறுமியின் உடல் இசைந்ததாகப் பொருளாம்! நாளை நம் மேசைக்கும் அப்படி ஒரு படிவம் வரலாம். வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடும் அதே எழுதுகோலால் ஒரு குழந்தையின் உடலுக்கும் ஒப்பமிட நமக்கு யார் உரிமை தந்தார்கள்? நல்ல ஊசியையும் கேட்காமல் போட்டால், ஊர் அஞ்சும். அஞ்சிய ஊர் அடுத்த நல்ல ஊசியையும் மறுக்கும். மக்களைக் கேட்பது காலத்தை வீணாக்கும் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

மக்கள் வாழும் முறையை முதலில் பார்த்துச் செய்தால் என்ன விளையும்? அதற்கும் இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 1968 வாக்கில் செய்ப்பூர் மருத்துவமனையில் கால் இழந்தோர்க்கு மேலைநாட்டுச் செயற்கைக் கால்களைத் தந்தார்கள். வாங்கிச் சென்றவர்கள் அவற்றை மூலையில் போட்டார்கள். அந்தக் காலுக்குச் செருப்பு வேண்டும், சப்பாத்து வேண்டும். அதை மாட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட முடியாது, குந்த முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் அந்த மக்களின் வாழ்க்கையைப் பார்த்தார்கள். அதற்கேற்ற ரப்பர்ப் பாதத்தைப் படைத்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், நாற்று நடலாம். அதுவே 'செய்ப்பூர் கால்' என உலகெங்கும் நடந்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது வந்தது. கல்லூரிப் படியேறாத கைவினைஞரும் பட்டம் பெற்ற மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்ததால் எழுந்து நின்றது அந்தக் கால்!

பிற நாடுகளிலும் முயன்றிருக்கிறார்கள். 2002இல் இங்கிலாந்தின் மருத்துவத் தர நிறுவனம், எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் செலவிடலாம் என முடிவு செய்யும் அமைப்பு, சாதாரணக் குடிமக்கள் 30 பேரைக் கொண்ட மன்றத்தை அமைத்தது. சிகிச்சை தருவதில் வயதைக் கணக்கில் கொள்ளலாமா போன்ற அறக்கேள்விகளை அவர்கள் முன் வைத்தது. வானம் இடிந்து விழவில்லை. விஞ்ஞானம் வீதிக்கு வந்து கெட்டும் போகவில்லை.

* * *

நமக்கு மட்டும் இயலாதா? இயலும்! வழியும் பாதி திறந்தே கிடக்கிறது.

2021 ஆகத்து 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தமிழ்நாட்டின் வாசல்தோறும் வந்தது. குருதி அழுத்தம் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் குடிசைக்குள் நுழைந்தன. பெருமைப்படுகிறோம். தமிழ்நாட்டிலே மாவட்டந்தோறும் சுகாதாரப் பேரவைகள் கூட்டப்படுகின்றன. மக்கள் தம் குறைகளைச் சொல்ல இடம் உண்டு. அதையும் வரவேற்கிறோம். 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்து கொள்முதலில் இந்தியாவுக்கே வழிகாட்டிற்று. இத்தனை இருந்தும் ஒரே ஒரு குறை: கருவி வீடு தேடி வருகிறது, வரும்முன் வீட்டாரைக் கேட்டதில்லை. பேரவையில் கட்டடம் இல்லை, படுக்கை இல்லை என்று சொல்லலாம். இந்தக் கருவி யார் உடலில் சோதிக்கப்பட்டது என்று கேட்க, கேள்வியே அங்கு எட்டுவதில்லை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

முதலாவது: அரசு வாங்கும் ஒவ்வொரு மருத்துவக் கருவிக்கும், அது எந்த நிறத்தவரிடம், எந்தத் தொழிலினரிடம், எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது என்பதைத் தமிழில் எழுதி வெளியிட வேண்டும். எழுத இயலாத நிறுவனத்திடம் வாங்கலாகாது.

இரண்டாவது: கருவிகளை வகுக்கும் குழுவிலும், வாங்கும் குழுவிலும், வழிகாட்டுதல் எழுதும் குழுவிலும், அக்கருவி யார் உடலைத் தொடுமோ அவர்களுக்கு இருக்கை வேண்டும். ஆலைத் தொழிலாளி, தாய்மார், முதியோர், மாற்றுத்திறனாளிகள் அமர வேண்டும். அழகுக்கு ஓர் ஆள் போதாது. அன்றாடக் கூலி இழப்புக்கு ஈடு தந்து, புரியும் தமிழில் விளக்கி, அவர்கள் மறுத்துச் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது: கருவி எங்கே தவறும் என்பதைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிட வேண்டும். 'புகை சூழ்ந்தவரிடம் இந்த எண்ணை நம்பாதீர்; உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வீர்' என்ற ஒரே வரி, நம் வட்டாரத்தில் ஓர் உயிரைக் காக்கும்.

பெரிய கோரிக்கைகளா இவை? 2021 சூலையில் ஆக்சிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வணிக இலாபத்துக்கு 70 விழுக்காடு என ஒன்றிய அரசு வரம்பு கட்டிற்று. பையைக் காக்க வரம்பு கட்ட முடிந்தவர்களுக்கு உயிரைக் காக்கும் வரம்பு கட்ட முடியாதா?

இதே விருதுநகரில் 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. உன்னைத் தாழ்த்தும் எதையும், எவர் சொன்னாலும், ஏன் என்று கேள் என்பதே அந்த இயக்கத்தின் பாடம். அன்று கேட்க வேண்டியவை சாதியையும் சடங்கையும். இன்று அவற்றோடு கருவியையும் கேட்க வேண்டும்.

நம் வகுப்பிலே இப்போதெல்லாம் ஒரு பாடம் நடத்துகிறோம். வெப்பமானியைக் கையில் கொடுத்து, எண்ணைப் படி என்பதோடு நிறுத்துவதில்லை. இதைச் செய்தவர் யார், யாரிடம் சோதித்தார், எங்கே தவறும் என்று கேள் என்கிறோம். சென்ற வாரம் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "சார், எங்கம்மா கையிக்குச் சோதிச்சாங்களா?"

இந்த முறை நாம் சிரிக்கவில்லை.

தோழர்களே! அந்தச் சிறுமிக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு. அடுத்த சுகாதாரப் பேரவை கூடும் நாளில், மாவட்டத்து ஆசிரியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் அந்தக் கேள்வியை ஏந்திச் செல்வோம். விரலை நீட்டச் சொல்பவர்கள், முதலில் விரலைக் கேட்கட்டும்!